மூட்டை கட்டிய பின்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. உலு திராமின் ஒரு தாமானில் கூட்டுத் துப்புரவுப் பணி தொடங்குகிறது. கையுறை, துடைப்பம், மண்வெட்டி, கறுப்பு நெகிழிப் பைகள் என எல்லாம் தயார். பத்து மணிக்கெல்லாம் கால்வாயோரம் பளிச்சென்று ஆகிவிடுகிறது. மூட்டைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாசி லெமாக்கும் தேநீரும் வருகின்றன. அடுத்த மாதம் அதே இடத்தில் அதே குப்பை. நாட்டில் பல வட்டாரங்களுக்கும் பழகிப்போன காட்சி இது. இதைக் கண்டு சலித்தவர்கள், "இதனால் என்ன பயன்?" என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால், குறை பணியில் இல்லை. அது பாதியில் நின்றுவிடுவதில்தான் இருக்கிறது.

இவ்வூரின் பெயரையே பார்க்கலாம். மலாய்மொழியில் 'உலு' என்பது ஆற்றின் மேற்பகுதி. 'திராம்' என்பது சிப்பி. திராம் ஆறு கீழே ஓடி ஜொகூர் ஆற்றில் சேர்கிறது. ஜொகூர் ஆறு கடலில் கலக்கிறது. உலு திராமின் கால்வாயில் விழும் ஒரு நெகிழிக் குவளை, நல்ல மழை பெய்தால் அங்கேயே கிடக்காது. கழிமுகத்துச் சதுப்பு மரங்களின் வேர்களில் சிக்கும்; அல்லது மீனவரின் வலையில் ஏறும். மேட்டில் வாழ்பவர் எறிவதைப் பள்ளத்தில் வாழ்பவர் அள்ள வேண்டியிருக்கிறது.

'குப்பை அள்ளுவது அதிகாரிகளின் வேலை' என்போரும் உளர். சில கழிவுகளுக்கு அது முற்றிலும் பொருந்தும். 2019 மார்ச்சில், பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற நேர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. அதைக் கையுறை அணிந்த தன்னார்வலர்களால் அள்ள முடியாது. ஆனால், கால்வாயில் கிடக்கும் பழைய மெத்தையும் பானப் புட்டியும் தொழிற்சாலையிலிருந்து வந்தவை அல்லவே!

சட்டமும் இல்லாமல் இல்லை. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்ற விதி, 2015 செப்டம்பர் 1 முதல் ஜொகூரிலும் நடப்பில் உள்ளது. 2026 ஜனவரி 1 முதல், பொது இடத்தில் குப்பை போடுபவருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமும் 12 மணி நேரம் வரை சமூகச் சேவையும் விதிக்கப்படலாம். இது வரவேற்கத்தக்கதே. எனினும், துடைப்பம் பிடிப்பது தண்டனைக்குரியவர் செய்யும் வேலை என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடக் கூடாது. விரும்பி வந்து பெருக்குபவர்கள் தெருவில் தொடர்ந்து தென்பட வேண்டியது இதனால் இன்னும் அவசியமாகிறது.

எஸ்தோனியாவில் 2008 மே 3ஆம் நாள், ஏறத்தாழ 50,000 பேர் ஒரே நாளில் சுமார் 10,000 டன் குப்பையை அகற்றினர். பலரும் அந்த எண்ணைத்தான் வியக்கிறார்கள். வியக்க வேண்டியது அதற்கு முந்திய வேலையை. குப்பை எங்கெங்கே கொட்டப்படுகிறது என்று தன்னார்வலர்கள் முதலில் தேடிப் பார்த்து, நாடு முழுவதற்கும் வரைபடம் தயாரித்தார்கள்.

தாமான் அளவில் அது கடினமன்று. மூட்டையைக் கட்டுவதற்கு முன் தரையில் கொட்டி, பிரித்து எண்ணினால் போதும். பானக் குவளைகளே மிகுதி என்றால், இரவுச் சந்தை வணிகர்களோடு பேச வேண்டும். மெத்தையும் நாற்காலியும் மிகுதி என்றால், பெரிய பொருள்கள் எந்த நாளில் சேகரிக்கப்படும் என்பதை வீடுவீடாகச் சொல்ல வேண்டும். நீர் தேங்கிய டின்கள் கிடந்தால், ஏடிஸ் கொசுவைப் பற்றி அந்த வரிசை வீட்டாரிடம் அன்றே பேசிவிடலாம். இந்தக் கணக்கை எழுதும் பொறுப்பை இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் கொடுக்கலாம். படம் எடுப்பதைவிட நன்றாகவே செய்வார்கள். மூன்று மாதம் கழித்து அதே கால்வாயோரத்தில் மறுபடி எண்ணிப் பார்த்தால், பேசிய பேச்சு எந்த வீட்டில் எடுபட்டது, எந்தக் கடையில் எடுபடவில்லை என்பது தெரிந்துவிடும்.