குற்றவாளி யார்?

தாய்மொழியைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்களில் பலர், மொழியோடு சேர்த்து மதத்தையும் பழைய வழக்கங்களையும் மூட்டை கட்டித் தலையில் தூக்கிக்கொள்வார்கள். அயர்லாந்து தேசத்தில் அப்படிச் செய்யாத ஓர் அம்மையார் இருந்தார். அவர்தான் மரேட் நீ கிராடா.

1896-ல் கிளேர் ஜில்லாவில் பிறந்த இவர், ஐரிஷ் மொழிச் சங்கத்திலும் சுதந்திரக் கிளர்ச்சியிலும் உழைத்தவர். டப்ளின் ரேடியோவில் அறிவிப்பாளராயிருந்தார். பள்ளிப் புஸ்தகங்களும் நாடகங்களும் எழுதி, 1971-ல் காலமானார். இவரது நாடகங்களில் பேர்போனது 1964-ல் டப்ளினில் நடிக்கப்பட்ட "விசாரணை" என்பதாகும். கத்தோலிக்க சபைக்கு விசேஷ ஸ்தானம் உண்டென்று அரசியல் சட்டமே சொல்லிவந்த காலம் அது.

கதை இதுதான். நோயாளி மனைவியுள்ள ஓர் உபாத்தியாயர் கிராமத்துப் பெண்ணொருத்தியை ஆசைகாட்டிக் கெடுத்து, தன் பெயரை யாரிடமும் சொல்லக்கூடாதென்று வாக்கும் வாங்கிக்கொள்ளுகிறார். அவள் கர்ப்பமானதும் தாயார் கவலைப்படுவதெல்லாம் ஊர்வாய்க்குத்தான். வேலை செய்த வீட்டார் துரத்துகிறார்கள். விடுதியில் குழந்தையைத் தத்துக் கொடுக்கச் சொல்லுகிறார்கள், அவள் மறுக்கிறாள். மனைவி இறந்தபின் வேறொருத்தியை மணந்துகொண்ட உபாத்தியாயரோ அவளையே வேசியென்கிறார். கடைசியில் குழந்தையைக் கொன்று தானும் மாய்கிறாள். குழந்தை பெண்ணாய்ப் பிறந்ததே அதைக் கொன்றதற்கு அவள் சொல்லும் காரணம்!

இவ்வளவும் கோர்ட்டு விசாரணையாகவே நடக்கிறது. சாட்சி சொல்ல வருகிறவர்கள் ஒவ்வொருவரும் தன்மேல் குற்றமில்லையென்று கையைக் கழுவுகிறார்கள்.

இது வெறும் நாடகக் கற்பனை என்பார்களா? 2021-ல் வெளிவந்த அயர்லாந்து விசாரணைக் கமிஷன் அறிக்கையைப் பார்க்கட்டும். 1922 முதல் 1998 வரை இப்படிப்பட்ட தாய்மார் விடுதிகளில் 18-ஐ விசாரித்ததில், அங்கே சுமார் 9,000 குழந்தைகள் இறந்ததாகத் தெரிந்தது. அவற்றில் பலவற்றை நடத்தினவர்கள் கன்னியாஸ்திரீகள். சர்க்கார் மன்னிப்புக் கேட்டது. பெற்றோர் மணமாகாதவர்கள் என்பதற்காகக் குழந்தையைத் தாழ்த்தும் சட்டம் 1987-ல்தான் ஒழிந்தது.

நாம் கேட்பது ஒன்றே. தாய்களுக்கு இத்தனை விடுதி கட்டினார்களே, தகப்பன்களை அடைக்க ஒரு விடுதியாவது கட்டினார்களா? பாபம் இருவருடையதென்றால் தண்டனை ஒருத்திக்கு மாத்திரம் எப்படி வந்தது? கற்பு என்பது பெண்ணுக்கு விலங்கும் ஆணுக்கு விடுதலையுமாயிருந்தால், அது ஒழுக்கமல்ல, வெறும் பித்தலாட்டமேயாகும்.

இந்தக் கேள்வியை அம்மையார் தம் தாய்மொழியிலேயே கேட்டார். பிற்காலத்தில் அந்நாடகம் பள்ளிப் பாடமாகவும் வைக்கப்பட்டது. மொழிக்கு இதைவிட வேறென்ன தொண்டு வேண்டும்? தன் ஜனங்களின் அநியாயத்தைத் தன் மொழியில் சொல்ல அஞ்சுகிறவன், மொழியை வளர்க்கிறேனென்பது வீண்பேச்சு.