21 இன்ச்சா, 19 இன்ச்சா? முதல்ல உங்க ரோடு எது?

அட்வென்ச்சர் பைக் வாங்கப்போறேன்னு ஹாஸ்டல்ல சொல்லிட்டா அன்னைக்குத் தூக்கம் போச்சு. ஒருத்தன் ஹிமாலயன் என்பான், இன்னொருத்தன் கேடிஎம் என்பான், மூணாவது ஆள் "எக்ஸ்பல்ஸ் இருக்கும்போது எதுக்குடா அவ்வளவு காசு?" என்பான். எல்லாரும் குதிரைத்திறனை வைத்துச் சண்டை போடுகிறார்கள். ரோட்டை வைத்து யாரும் சண்டை போடுவதில்லை. என் கட்சி இதுதான்: பைக்கைத் தேர்வு செய்ய வேண்டியது நாம் போக ஆசைப்படும் ரோட்டை வைத்து அல்ல, வருஷம் முழுக்க ஓட்டப்போகிற ரோட்டை வைத்து.

லடாக் ஆசை தப்பில்லை. ஆனால் அது இரண்டு வாரம். மிச்சம் ஐம்பது வாரம் காலேஜ், ஊர், பைபாஸ், லீவு கிடைத்தால் ஒரு மலை. ஆழியாரிலிருந்து வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. இரண்டுமே தார் ரோடுதான்.

இந்தக் குழப்பம் கம்பெனிகளுக்கும் தெரியும். கேடிஎம் 2025-ல் ஒரே 399 சிசி இன்ஜினை இரண்டு வடிவத்தில் கொண்டுவந்தது. 390 அட்வென்ச்சரில் முன்னால் 21 இன்ச் ஸ்போக் வீல். 390 அட்வென்ச்சர் எக்ஸில் 19 இன்ச் அலாய் வீல். ஹிமாலயன் 450, எக்ஸ்பல்ஸ் இரண்டும் 21 இன்ச். சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 19 இன்ச்.

"21 இன்ச் இல்லேன்னா அது அட்வென்ச்சர் பைக்கே இல்ல" என்று ஒரு டயலாக் உண்டு. நாமதான் இன்ஜினியரிங் படிக்கிறோமே, கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 செ.மீ. உயரக் கல் ஒன்றில் வீல் முட்டுகிறது. அச்சிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு, அச்சிலிருந்து கல்லின் முனைக்கு ஒரு கோடு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு சுலபமாக வீல் ஏறும். 110/70-17 டயர் போட்ட சாதாரண பைக்கில் வீலின் ஆரம் சுமார் 293 மி.மீ., கோணம் 49 டிகிரி. 100/90-19 டயரில் ஆரம் 331 மி.மீ., கோணம் 46 டிகிரி. 90/90-21 டயரில் ஆரம் 348 மி.மீ., கோணம் 45 டிகிரி. அதாவது 17-லிருந்து 19-க்குப் போனால் 3 டிகிரி லாபம். 19-லிருந்து 21-க்கு வெறும் 1 டிகிரி. இந்த ஒரு டிகிரிக்குத்தான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை!

21 இன்ச்சுக்கு வேறு பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒல்லியான டயர் மணலையும் சேற்றையும் கிழித்துக்கொண்டு போகும். ஆஃப்ரோடு டயர்கள் அந்த அளவில் நிறைய கிடைக்கும். ஆனால் பெரிய வீல் சுற்றும்போது திசை மாற மறுக்கும் குணமும் கூடும். மலை வளைவுகளில் இடமும் வலமும் மாறி மாறிச் சாய்க்கும்போது ஹேண்டிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ள வேண்டிவரும். 40 வளைவு ஏறி இறங்கினால் வித்தியாசம் கையில் தெரியும்.

வீல் அளவைவிட முக்கியம் டயர். கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் ஆஃப்ரோடு டயர் மண்ணில் கடித்துப் பிடிக்கும். அதே டயர் தார் ரோட்டில் குறைவான ரப்பரைத்தான் பதிக்கும். மழையில் நனைந்த மலை ரோட்டில் பிரேக் பிடித்தால் பைக் நிற்க அதிக தூரம் எடுக்கும். பார்க்க கெத்தாக இருக்கிறது என்று அந்த டயரைப் போட்டுக்கொண்டு தினமும் பைபாஸில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்தது பஞ்சர். ஸ்போக் வீல் அடி வாங்கினால் வளையும், தட்டி நேராக்கலாம். அலாய் வீல் பலமாக அடி வாங்கினால் விரிசல் விடலாம். கரடுமுரடான ரோட்டுக்கு ஸ்போக் நல்லது என்பது இதனால்தான். ஆனால் பெரும்பாலான ஸ்போக் வீலில் டியூப் இருக்கும். பஞ்சர் ஆனால் வீலையே கழற்ற வேண்டும். அலாயில் டியூப்லெஸ் டயர், ரோட்டோரமே கம்பி குத்தி, குச்சி சொருகி, காற்றடித்துக் கிளம்பலாம். ராத்திரி பத்து மணிக்கு பைபாஸில் தனியாக நிற்கும்போது எது பெரிய வசதி என்று புரியும்.

எடைதான் எல்லாவற்றுக்கும் மேல். ஹிமாலயன் 450-யின் எடை 196 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 4வி 158 கிலோ. வித்தியாசம் 38 கிலோ, ஒன்றரை மூட்டை அரிசி. நேர் ரோட்டில் இது தெரியாது. ஈரமான சரிவில் பைக் கீழே விழுந்து, கூட யாரும் இல்லாதபோது தெரியும். மண் ரோட்டில் விழாமல் யாரும் கத்துக்கிட்டதில்லை. தனியாகத் தூக்க முடியாத பைக்கை வைத்துக்கொண்டு ஆஃப்ரோடு பழகுவது கஷ்டம். உயரமும் அப்படித்தான். 2020-ல் வந்த 390 அட்வென்ச்சரின் சீட் உயரம் 855 மி.மீ. கால் எட்டாதவர் சறுக்கும்போது எதை ஊன்றுவார்?

"அப்போ அட்வென்ச்சர் பைக்கே வேண்டாமா?" வேண்டும். நம்ம ஊர் தார் ரோடே பாதி ஆஃப்ரோடுதான். குழாய் போடத் தோண்டி மூடாத பள்ளம், வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடை, பாலம் கட்டும் இடத்து சர்வீஸ் ரோடு. ஹிமாலயனின் 200 மி.மீ. சஸ்பென்ஷன் இதையெல்லாம் விழுங்கிவிடும். இந்த வகை பைக்கின் நிஜமான பலன் நமக்கு இங்கேதான்.

அதைத் தாண்டிய ஆஃப்ரோடு நமக்கு எங்கே இருக்கிறது? ஏரிக்கரை, ஊருக்குள் போகும் மண்பாதை, அனுமதி வாங்கிய எஸ்டேட் ரோடு. ரீல்ஸில் வருகிற காட்டுப் பாதை பெரும்பாலும் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். அது யானை நடக்கும் பாதையும்கூட. அங்கே ஓட்டுவதற்காக ஒரு பைக்கைத் தேர்வு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, எதைத்தான் வாங்குவது? மண் ரோட்டில் ஓட்டக் கத்துக்கணும், ஹைவேயில் 80, 90-ல் போனால் போதும் என்றால் எக்ஸ்பல்ஸ். எடை குறைவு, விலையும் ஹிமாலயனில் ஏறக்குறைய பாதி. ஆனால் நூறைத் தாண்டினால் மூச்சு வாங்கும். வாராவாரம் ஊருக்கு ஹைவேயில் போகிறவர், எப்போதாவது மண் ரோடு என்றால் வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ். அதில் ஏபிஎஸ்ஸை அணைக்க முடியாது, சரளைக் கல் சரிவில் அது ஒரு குறை. மலை வளைவில் வேகம் வேண்டும் என்பவருக்கு 390 எக்ஸ். இரண்டு ரோட்டையும் நிஜமாகவே சமமாக ஓட்டுகிறவருக்கு, 196 கிலோவைச் சமாளிக்கும் உடம்பும் இருந்தால், ஹிமாலயன் 450. ஆனால் அதை முதல் சம்பளத்துக்குப் பிறகு வாங்குங்கள். நாலாவது செமஸ்டரில் அப்பா தலையில் இஎம்ஐ ஏற்றி வாங்கும் அளவுக்கு அந்த ஒரு டிகிரி முக்கியமில்லை. மிச்சமாகும் காசில் நல்ல ஹெல்மெட், கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை மூன்றும் வந்துவிடும்.

டெஸ்ட் ரைடு போகும்போது ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வராதீங்க. சின்ன சரிவில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சீட்டில் உட்கார்ந்தபடியே காலால் பின்னால் தள்ளிப் பாருங்க. பின்னால் ஒரு நண்பனை ஏற்றி யு-டர்ன் எடுத்துப் பாருங்க. அந்த ஐந்து நிமிஷம் பத்து ரிவியூ வீடியோவுக்குச் சமம்.