தறிக்குழியில் ஒரு கேமரா

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் இருக்கிறார். எட்டு வயதில் தந்தையின் தறியில் எதிர்ப்பக்கம் அமர்ந்து கரை நாடா போடத் தொடங்கியவர். இப்போது ஐம்பத்தைந்து வயது. இடுப்பு வலிக்காகப் பார்க்காத மருத்துவர் இல்லை. இயன்முறை மருத்துவம் படிக்கும் அவருடைய மகள், பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது, கைப்பேசியை ஒரு முக்காலியில் நிறுத்தி, தந்தை நெய்வதைப் பின்புறமிருந்து பத்து நிமிடங்கள் படம் பிடித்தார். பிறகு அதை வேகம் குறைத்து ஓடவிட்டுக் காட்டினார். நானும் உடனிருந்தேன்.

நாடாவை வீசும் ஒவ்வொரு முறையும் அவருடைய உடல் வலப்பக்கம் சாய்கிறது. இடப்பக்க இடுப்பு பலகையை விட்டு எழும்புகிறது. இது ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை நிகழும் என்று அவரே கணக்கிட்டுப் பார்த்தார். "நான் நேராத்தானே சார் உக்காந்திருக்கேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். பலகையின் ஒரு பக்கம் சாக்கை மடித்து வைத்தார்கள். நாடாக்கள் இருந்த இடத்தைச் சற்று அருகே நகர்த்தினார்கள். செலவு ஒன்றுமில்லை. வலி போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. மாலையில் குழியிலிருந்து எழும்போது சுவரைப் பிடிப்பதில்லை என்றார்.

உடலைப் பற்றிய நம் உணர்வு நம்பத்தக்கதன்று. நெடுநாள் கோணலாக அமர்ந்தவருக்கு அந்தக் கோணலே நேராகத் தோன்றும். விளையாட்டு உலகம் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. பார்ப்பவர் கண்ணும் ஏமாறும் என்பதற்கு நமக்கு நெருக்கமான சான்று, கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன். 1995 டிசம்பரில் மெல்போர்ன் ஆடுகளத்தில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் அறிவித்தார். அடுத்த ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் அவருடைய பந்துவீச்சு படம் பிடிக்கப்பட்டு அளக்கப்பட்டது. பிறவியிலேயே முழுமையாக நீளாத முழங்கை, எறிவது போன்ற தோற்றத்தைத் தருகிறது என்பது தெரிந்தது. பின்னர் நடந்த விரிவான ஆய்வுகளில், குறையே இல்லாதவர்கள் என்று கருதப்பட்ட பந்துவீச்சாளர்களில் பெரும்பாலோரின் முழங்கையும் ஓரளவு நீள்கிறது என்று தெரியவர, 15 பாகை வரை அனுமதி என்று விதியே மாற்றி எழுதப்பட்டது. இன்று அத்தகைய சோதனைக்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், போரூர் ஸ்ரீராமச்சந்திரா விளையாட்டு அறிவியல் மையத்தில் ஐசிசி அங்கீகாரத்துடன் அது நடக்கிறது.

பந்து வீசும் தோளுக்குக் கிடைக்கும் இந்தக் கவனம் நாடா வீசும் தோளுக்கு ஏன் கிடைக்கவில்லை? விடை பொருளாதாரத்தில் இருக்கிறது. நெசவாளருக்குக் கூலி சேலைக் கணக்கில், மணிக்கணக்கில் அன்று. தேய்மானம் முழுவதும் அவர் உடலில் ஏறுகிறது. அது யாருடைய கணக்குப் புத்தகத்திலும் பதிவாவதில்லை. ஆலை முதலாளி, தன் இயந்திரம் தேய்ந்தால் அதற்கென நிதி ஒதுக்குவார். வீட்டுத் தறியில் இயந்திரமும் தொழிலாளியும் ஒருவரே. ஒதுக்க வருமானம் இல்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் இத்தொழிலில் இருக்கிறார்கள். அக்குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. காஞ்சிப் பட்டு நெய்பவர் நிலை இதைவிடச் சற்று மேல் என்றாலும், முதுகு எல்லோருக்கும் ஒன்றுதான்.

உழைப்பவரின் அசைவைப் படம் பிடித்து ஆராய்வது புதிதன்று. அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத்தும் அவர் மனைவி லிலியனும் 1912 முதலே தொழிலாளர்களைத் திரைப்படக் கருவியால் பதிவு செய்தார்கள். விரல்களில் சிறு விளக்குகளைக் கட்டி, கை செல்லும் பாதையை ஒளிக்கோடாகவே புகைப்படத்தில் பதித்தார்கள். அதற்கும் முன்பே, கொத்தனார் ஒரு செங்கல்லை வைக்கச் செய்யும் 18 அசைவுகளை ஐந்தாகக் குறைத்துக் காட்டியவர் பிராங்க். களைப்பைக் குறைப்பதே நோக்கம் என்றார்கள் இருவரும். அந்த நோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால், அசைவு குறைந்தால் மிச்சமாகும் நேரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குக் கருவி விடை சொல்லாது. 1911-இல் வாட்டர்டவுன் அரசு ஆயுதச் சாலையில், தங்கள் வேலையை நிறுத்துக் கடிகாரம் வைத்து அளந்ததை எதிர்த்துத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். விசாரணைக்குப் பின், 1915-இல், அரசு ஆயுதச் சாலைகளில் அத்தகைய அளவீட்டுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் பணம் ஒதுக்க மறுத்தது.

இங்கும் அந்த அச்சம் இருக்கிறது. நண்பரின் தறிக்கு மறுமுறை நான் போனபோது, கை அசைவையும் ஒருமுறை பதிவு செய்யலாமே என்றேன். "முதுகைப் பிடிங்க சார், கையைப் பிடிக்காதீங்க" என்றார். நாள் ஒன்றுக்கு இவ்வளவு முழம் நெய்ய முடியும் என்று ஒரு படம் நிரூபித்துவிட்டால், அடுத்த கூலிப் பேச்சில் அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகும். இதைப் புரிந்துகொள்ள அவருக்கு என் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை.

அந்தக் கையில்தான் கோர்வை இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், ஊடை இழை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடிவிடக் கூடாது. கரையின் ஓரத்தில் உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கோத்துத் திரும்ப வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள். எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள். அந்த இன்னொரு ஆள் தலைமுறை தலைமுறையாகக் குழந்தையாகவே இருந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் அக்குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள், போனதே நல்லது. ஆனால் கோர்வை கற்றுக்கொள்ளும் வழியும் அதுதானாக இருந்தது. செய்து செய்தே திறன் வளர்வதைப் பற்றி கென்னத் ஏரோ 1962-இல் எழுதிய கட்டுரையைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். விமானத் தொழிற்சாலைகளை எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருத் தறி நினைவுக்கு வந்ததில்லை.

இருபது வயதில் தறிக்கு வரும் இளைஞருக்குப் பத்தாண்டுகள் எதிரே அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு இல்லை. கைதேர்ந்தவரின் விரலை மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பதும், அதன் அருகிலேயே தன் விரலின் படத்தை வைத்து ஒப்பிடுவதும் அந்த இடைவெளியில் ஒரு பகுதியையேனும் அடைக்கும். முழுவதையும் அடைக்காது. இழையின் இழுவிசை படத்தில் தெரிவதில்லை. அது விரலுக்கு மட்டுமே தெரியும்.

நன்கு பார்ப்பதால் என்ன நிகழும் என்பதற்குத் தெலங்கானாவின் ஆலேரில் ஒரு சான்று உண்டு. போச்சம்பள்ளிச் சேலைக்குச் சாயமிடும் முன் நூலை முளைகளில் மாற்றி மாற்றிச் சுற்றும் 'ஆசு' வேலையில், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முறை தாயின் கை போய்வருவதைப் பார்த்து வளர்ந்தவர் சிந்தகிந்தி மல்லேசம். தாயின் தோள்வலியே தூண்டுதலாக, 1999-இல் அந்த அசைவைச் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி, அதற்குத் தாயின் பெயரையே சூட்டினார். 2017-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் கையில் கேமரா இல்லை. ஆனால் பார்த்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். கண்டுபிடிப்பின் பயன் தாயிடமிருந்து பறிபோகாமல் இருந்ததற்கு அதுவும் காரணம் என்று கருதுகிறேன்.

இப்போது பார்ப்பவர் வெளியே இருக்கிறார். கரூரில் தரவு நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் நெற்றியில் கேமராவைப் பொருத்திக்கொண்டு துண்டு மடிப்பதைப் பற்றி 2025-இல் செய்திகள் வந்தன. அவர்கள் கை எப்படிப் போகிறது என்பதை எந்திர மனிதர்களுக்குக் கற்பிக்கவே அந்தப் பதிவு. கரூரில் துண்டு மடிக்கும் கைக்கு விலை இருக்கிறதென்றால், காஞ்சியில் கோர்வை போடும் கைக்கும் ஒருநாள் விலை கேட்டு வருவார்கள். அந்த நாளுக்கு நம் சட்டம் ஆயத்தமாக இல்லை. காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கிறது, கையசைவைக் காப்பதில்லை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளை அடையாளம் காட்டும் தகவலைப் பற்றியது. முகத்தை அழித்துவிட்டுத் திறனை மட்டும் எடுத்துச் செல்பவரை அது எந்த அளவுக்குத் தடுக்கும்? பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டினால் வேடிக்கையாக இருக்கிறது. தன் நிகழ்த்துதலின் பதிவு மீது உரிமை உள்ள கலைஞர் யார் என்று வரையறுக்கும் பிரிவில் நடிகர், பாடகர், நடனக் கலைஞரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறார்கள். நெசவாளர் குறிப்பிடப்படவில்லை. நிகழ்த்தும் பிறரும் இதில் அடங்குவர் என்று ஒரு பொதுத் தொடர் உண்டு. அதற்குள் தறியையும் கொண்டுவரலாமா என்று எந்த வழக்கறிஞராவது ஒருநாள் வாதாடிப் பார்க்க வேண்டும்.

அதற்காகக் கேமராவைத் தெருவுக்கு வெளியே நிறுத்திவிட முடியாது; இடுப்பு வலி சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. காஞ்சிபுரத்தில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. சங்கத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவரும் ஒரு கைப்பேசியும் போதும். ஆனால் முதல் படம் எடுக்கும் முன் எழுத்தில் சில நிபந்தனைகள் வேண்டும். பதிவு நெசவாளரின் உடைமை. கூலி நிர்ணயத்தில் அதைச் சான்றாகக் காட்டக் கூடாது. கற்பித்தலுக்குத் தரப்படும் கோர்வைப் பதிவுக்குச் சங்கம் கட்டணம் தர வேண்டும். வெளியார் கேட்டால் சங்கத்தின் பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும், தனி ஒரு நெசவாளரின் வறுமையோடு யாரும் பேரம் பேசக் கூடாது.

நண்பரின் பத்து நிமிடப் படம் இப்போது மகளின் கைப்பேசியில் மட்டும் இருக்கிறது. எனக்கும் அனுப்பும்படி கேட்டேன். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் அந்தப் பெண், இன்னும் வரவில்லை.