சர்க்கரையும் சிவகாசியும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் பெருமையை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் நீரிழிவு கண்டவர்கள் அதைத் தூரத்திலிருந்து தரிசித்துத் திருப்தி அடைய வேண்டியிருக்கிறது.

இவர்களுக்குச் சற்று ஆறுதல் அளிக்கக்கூடிய பதார்த்தம் ஒன்று உண்டு. அதன் பெயர் அல்லுலோஸ். சாதாரணச் சர்க்கரையின் இனிப்பில் சுமார் 70 சதவிகிதம் இதற்கு உண்டு. உடம்பில் சேரும் கலோரியோ பத்தில் ஒரு பங்குதான். அத்திப்பழத்திலும் உலர்ந்த திராட்சையிலும் அணுவளவு இருக்கிறது.

இதைச் செய்யும் விதம் வேடிக்கையானது. நாம் காப்பியில் போடும் சர்க்கரை, திராட்சைச் சர்க்கரையும் பழச் சர்க்கரையும் கைகோத்து நிற்கும் ஜோடி. ஒரு நொதி அந்த ஜோடியைப் பிரிக்கிறது. மற்றொரு நொதி, பழச் சர்க்கரையின் மூன்றாவது கரியணுவில் ஒரு சிறு திருப்பம் செய்கிறது. அவ்வளவுதான், அல்லுலோஸ் ஆகிவிடுகிறது! இத்தகைய நொதியை உடைய நுண்ணுயிரை 1990-களின் தொடக்கத்தில் மண்ணிலே கண்டவர், ஜப்பானின் ககாவா சர்வகலாசாலையைச் சேர்ந்த கென் இஸுமோரி. தொழிற்சாலைக்கோ சூட்டைத் தாங்கும் நொதி வேண்டும். ஆகவே மொகாலியிலுள்ள நம் நாட்டு விஞ்ஞானிகள் வெந்நீர் ஊற்றில் வாழும் உயிர்களிடம் அதைத் தேடினார்கள். அங்கே கிடைத்த மரபணுவை வேறொரு பாக்டீரியாவில் புகுத்தி, அதைக் கொண்டே அல்லுலோஸ் செய்து, 2020-இல் வெளியிட்டார்கள்.

இதற்கும் சிவகாசிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். அந்நியத் தீப்பெட்டி நம் அடுப்பங்கரைகளை ஆண்ட காலத்தில், 1922-இல், ப. ஐயநாடாரும் அ. சண்முகநாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்த்த அந்தக் கரிசல் பூமிக்குப் பிழைப்பு வந்தது அப்படித்தான். ஆனால் பட்டாசுச் சாலையில் ஒரு பொறி பட்டால் குடும்பங்கள் அநாதையாகின்றன. நொதி வேலை செய்யும் பாத்திரத்திலோ இளஞ்சூடான சர்க்கரைப் பாகுதான் இருக்கிறது. உலகிலேயே அதிகமாகச் சர்க்கரை காய்ச்சும் தேசங்களில் ஒன்று நம்முடையது. அந்தச் சர்க்கரையை மலிவாக விற்றுவிட்டு, அதிலிருந்து பிறந்த அல்லுலோஸை அயலாரிடம் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குவது நமக்கு அழகாகத் தோன்றவில்லை.

சிரமம் இல்லாமல் இல்லை. பழச் சர்க்கரையில் சுமார் 30 சதவிகிதமே அல்லுலோஸாக மாறும். பிறகு அது திரும்பவும் பழச் சர்க்கரையாகத் தொடங்கிவிடும். மிச்சத்தைப் பிரித்தெடுக்கும் செலவில்தான் லாப நஷ்டம் அடங்கியிருக்கிறது. எண்ணெய், வற்றல், பருப்பு விலையை விரல் நுனியில் வைத்திருக்கும் விருதுநகர் வியாபாரிகள் இந்தக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும்.