ஏரிக்கரையில் ஒரு கரண்டிப் பஞ்சாமிர்தம்

பழநியில் தண்டாயுதபாணியைத் தரிசித்த கையோடு கொடைக்கானல் குறிஞ்சியாண்டவரையும் சேவிப்பது எங்கள் குடும்ப வழக்கம். மேகம் விலகினால் அக்கோயிலிலிருந்தே பழநிமலை தெரியும். மீண்டுமொருமுறை கைகூப்பாமல் அம்மா நகரமாட்டார்.

பிறகு ஏரிக்கரை. அந்தக் குளிரிலும் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம்தான் வேண்டும். "சளி பிடிக்கும்" என்று ஆண்டுதோறும் தடுத்துவந்த அம்மா, ஒருமுறை பேத்தி நீட்டிய கிண்ணத்தை மறுக்க மனமின்றி வாங்கினார். பையிலிருந்த பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து, அதன்மேல் ஒரு கரண்டி இட்டார். விருப்பாச்சி மலைவாழையும் நெய்யும் தேனும் மணக்க ஒருவாய் உண்டவர், "பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளை, இதைக் காட்டியிருந்தால் அன்றே இறங்கி வந்திருப்பான்" என்றார்.

2019இல் பழநிப் பஞ்சாமிர்தம் புவிசார் குறியீடு பெற்ற செய்தியைப் படித்துக்காட்ட அம்மா இல்லை. சென்ற மாதம் அதே ஏரிக்கரையில், அந்தப் பேத்தி தன் மகனுடைய கிண்ணத்தின்மேல் டப்பாவைக் கவிழ்த்தாள்.