வேலை கொடுக்காத பயிற்சி

‘மாணவர் பயிற்சிக்குத் திட்டம் எதற்கு? கூடவே இருந்து பார்த்தால் தானாக வந்துவிடும்’ என்கிறார்கள் நிர்வாகிகள் சிலர். பட்டறையில் ஆண்டுக்கணக்காக ஆசானுடன் இருந்தவருக்கு அது பொருந்தலாம். ஆறு வாரத்துக்கு வருபவருக்குப் பொருந்தாது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் பயிற்சித் திட்டமே, பயிற்சிக் காலத்தில் பாதியாவது வகுப்பறைக்கு வெளியே, உண்மையான வேலைச் சூழலில் கழிய வேண்டும் என்கிறது. அந்த வேலை எது என்று மாணவர் வந்து நின்றபிறகு தேடினால், ஜெராக்ஸ் எடுக்கும் வேலைதான் அகப்படும்.

உதாரணத்துக்குச் செஞ்சி வட்டாரத்துத் தொண்டூரை எடுத்துக்கொள்வோம். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதே வட்டாரத்துத் தொண்டூரின் சமணர் படுக்கைகளுக்கும் தமிழ்-பிராமிக் கல்வெட்டுக்கும் அந்த மவுசு இல்லை. அங்கே வரலாற்று மாணவர்களை அனுப்பும் அதிகாரி ‘போய்ப் பாருங்கள்’ என்று மட்டும் சொன்னால் செல்ஃபிகள் வரும். படுக்கைகளை அளப்பது, எழுத்துகளைப் பக்கவாட்டு ஒளியில் படமெடுப்பது, பழைய வாசிப்போடு ஒப்பிடுவது, வாரந்தோறும் கல்வெட்டறிந்தவரிடம் காட்டித் திருத்துவது என்று வகுத்துக் கொடுத்தால் ஆவணம் வரும். (எழுத்தில் சாக்பீஸ் தடவக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.) ‘இப்படி வகுத்துக் கொடுக்க எங்களுக்கு நேரமில்லை’ என்று நிர்வாகிகள் சொன்னால், அது நேர்மையான மறுப்புதான். அப்படியானால் மாணவரை ஏற்காமல் இருக்கலாமே. ஏற்றுக்கொண்டு, கடைசி நாளில் சான்றிதழை மட்டும் நீட்டுவதற்கு என்ன நியாயம்?