முகம் மறைத்து விற்ற இசைத்தட்டு

"கலைக்கு ஏது நிறம்? நல்ல பாட்டு என்றால் யார் பாடினாலும் கேட்பார்கள்" என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அப்படியானால் சார்லி பிரைடின் புகைப்படத்தை ஏன் அனுப்பவில்லை?

'தி ஸ்னேக்ஸ் கிரால் அட் நைட்' என்ற கன்ட்ரி பாட்டை 1965ல் நாஷ்வில் நகரில் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் ஜாக் கிளமென்ட். 1966 ஜனவரியில் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் அதை வெளியிட்டது. பாடியவர் மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்லெட்ஜ் என்னும் சிற்றூரில், வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, பருத்தி பறித்து வளர்ந்தவர். தட்டில் அவர் பெயர் 'கன்ட்ரி சார்லி பிரைட்'. வானொலி நிலையங்களுக்குத் தட்டு போனது. கூடவே போக வேண்டிய படம் போகவில்லை. குரலை விற்றார்கள், முகத்தை மறைத்தார்கள்.

இதை வியாபாரத் தந்திரம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நான் இதை ஒப்புதல் வாக்குமூலம் என்பேன். கேட்பவரின் காதில் கோளாறு இல்லை, முகத்தைப் பார்த்தால்தான் காது அடைத்துக்கொள்ளும் என்பது அந்தத் தொழிலுக்கே தெரிந்திருந்தது. பெயரைச் சொன்னதும் ஊரையும் தெருவையும் விசாரிக்கும் சமூகத்தில் வாழும் நமக்கு இது புரியாததா?

கன்ட்ரி இசை வெள்ளையரின் சொத்து என்பதே கட்டுக்கதை. அதன் அடையாளமான பாஞ்சோ, ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த கருவி. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள்தான் கறுப்பருக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', வெள்ளையருக்கு 'ஹில்பில்லி' என்று பட்டியலை இரண்டாகப் பிரித்தன. நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையின் தொடக்க கால நட்சத்திரங்களில் ஒருவர் மவுத் ஆர்கன் வாசித்த கறுப்பரான டிஃபோர்ட் பெய்லி. 1941ல் அவரை வெளியேற்றினார்கள். வீட்டுக்காரனைத் துரத்திவிட்டு, பிறகு அவன் பிள்ளையைப் பின்வாசல் வழியாக அழைப்பதற்குப் பெயர் பெருந்தன்மையா?

பிரைட் வென்றார். மூன்றாவது இசைத்தட்டு முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. 1971ல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதும் கிடைத்தது. உடனே "பார்த்தீர்களா, திறமை இருந்தால் போதும்" என்கிறார்கள். போதவில்லை, தோழர்களே. முதன்முதலாகப் பெரிய மேடையில் அவரைப் பார்த்ததும் கைதட்டல் அடங்கிப்போனது. தன் நிறத்தைத் தானே கேலி செய்து கூட்டத்தைச் சமாதானப்படுத்திவிட்டுத்தான் அவர் பாட முடிந்தது. எந்த வெள்ளைப் பாடகர் இந்தக் கப்பத்தைக் கட்டினார்?

1983ல் பிரைடின் பாட்டு ஒன்று கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. தனிப் பாடகராக அடுத்து ஒரு கறுப்பர், டேரியஸ் ரக்கர், அந்த இடத்துக்கு வந்தது 2008ல். இடையே 25 ஆண்டுகள். கதவு திறந்துவிட்டது என்றால் இத்தனை காலம் யாருமே ஏன் உள்ளே வரவில்லை?

ஒருவரை உள்ளே விட்டு, அவரையே காட்டி மற்றவர்களின் வாயை அடைப்பது ஆதிக்கத்தின் பழைய வித்தை. பிரைடைக் கொண்டாடுவோம். ஆனால் அவர் ஏறிய சுவரை மறந்துவிட்டு, ஏறிய திறமையை மட்டும் புகழ்வது சுவரைக் கட்டியவர்களுக்குச் செய்யும் உதவி. நாம் கேட்பது உயரம் தாண்டும் போட்டியை அல்ல. சுவர் இல்லாத தெருவை.